காயும் சொட்டில் கீறல்கள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி விழுவது ஏன்?

கேள்வி: அம்பாசமுத்திரம் வாசகர், 2024 பிப்ரவரி 4

குளத்துக் கரம்பையை (குளத்தடியில் படியும் களிமண்ணை) தண்ணீரில் கரைத்துச் சிறிது நேரம் தெளியவிட்டு, மேலே நின்ற கலங்கல் நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டு மாடியில் காயவைத்தேன். காய்ந்ததும் ஓரத்தில் தடித்த வளையம் ஒன்று தெரிந்தது. அந்த வளையத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, ஏறக்குறைய சம இடைவெளியில், நேரான கீறல்கள் விழுந்திருந்தன. அதே கரம்பை குளத்தில் காயும்போது பாளம் பாளமாகத்தான் வெடிக்கிறது. ஆற்று மணலைக் கலக்கிவிட்ட சொட்டில் கீறலே இல்லை. வெயில் கடுமையாக இருந்ததால் வெடித்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். வெயில்தான் காரணம் என்றால் மணலும் வெடித்திருக்க வேண்டும் அல்லவா?

பிப்ரவரி 5

வெயில் காரணமன்று. நிழலில் காயவிட்டாலும் அந்தக் கீறல்கள் விழும். நேரம் மட்டும் கூடும். ஈரமான துகள்படலம் நீர் வற்ற வற்றச் சுருங்கப் பார்க்கிறது. அதன் அடிப்பக்கம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணாடி சுருங்காது. சுருங்க முயலும் படலமும், அதைச் சுருங்க விடாமல் பிடித்திருக்கும் அடித்தளமும் சேரும்போதுதான் படலத்துக்குள் இழுவிசை ஏறுகிறது. தாங்கும் அளவை அந்த இழுவிசை எங்கே கடக்கிறதோ அங்கே படலம் பிளக்கிறது. பிடிமானமே இல்லாத படலம் முழுதாகச் சிறுத்துப்போகுமே தவிர வெடிக்காது. காயும் மண்ணின் கீறலைப் பற்றிப் பேசும் பலர் சுருக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பிடிமானத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பாதிக்கு மேற்பட்ட விஷயமாகப் படுகிறது.

வளையம் உண்டாவது எப்படி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சொட்டின் விளிம்பு கண்ணாடியின் நுண்ணிய மேடுபள்ளங்களிலும், முதலில் வந்து சேர்ந்த துகள்களிலும் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. விளிம்பிலிருந்து நீராவி வெளியேறுவது எளிது. ஆகவே ஆவியாதல் அங்கேதான் மிகுதி. அங்கே போன நீரை ஈடுகட்டச் சொட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டம் துகள்களையும் சுமந்து சென்று ஓரத்தில் அடுக்குகிறது. காப்பிக் கறையின் ஓரம் மட்டும் கறுத்திருப்பது ஏன் என்ற கேள்விக்கு விடையாக, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய விளக்கம் இதுவே.

ஓரத்தில் சேர்ந்த துகள்கள் நெருங்கி, ஒன்றையொன்று முட்டி, இனி நகர முடியாதபடி பூட்டிக்கொள்கின்றன. அப்போது அது நீர் நிறைந்த ஒரு திண்மம். கீறல் விழுவது இந்த நிலைக்குப் பிறகுதான். துளைகளுக்குள் தண்ணீர் இன்னும் இருக்கும்போதே கீறல் ஓடிவிடுகிறது. முழுதாகக் காய்ந்த பிறகு வெடிக்கிறது என்று நினைப்பது சரியன்று. சாதாரணப் பள்ளிக்கூட நுண்ணோக்கியின் கீழே சொட்டை வைத்துப் பொறுமையாகப் பார்த்தால், நடு இன்னும் நீராக மின்னிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் முதல் கீறல் ஓடுவதைக் காணலாம்.

பிப்ரவரி 6

மணலைப் பற்றிய பகுதிக்கு நேற்று விடை சொல்லவில்லை.

துகள்களுக்கு நடுவே உள்ள துளைகளில் நீரின் மேற்பரப்பு குழிந்து நிற்கிறது. பரப்பு இழுவிசை அந்தக் குழிவின் வழியாக உள்ளிருக்கும் நீரை இழுவையில் வைக்கிறது. அந்த அழுத்தக் குறைவு துளையின் ஆரத்துக்கு எதிர்விகிதம்: பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கித் துளை ஆரத்தால் வகுத்தால் அளவு கிடைத்துவிடும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். ஆற்று மணலின் இடைத்துளை ஆரம் 0.1 மில்லிமீட்டர் என்று கொண்டால் இழுவை ஏறத்தாழ 1,440 பாஸ்கல்; வளிமண்டல அழுத்தத்தில் எழுபதில் ஒரு பங்குதான். களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது. அதன் நடுவே 0.1 மைக்ரான் துளை இருந்தால் இழுவை 14 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல். ஆய்வகங்களில் பயன்படும் சிலிக்காக் கூழ்மத்தில் (மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள் நீரில் மிதக்கும் கலவை) 10 நானோமீட்டர் துளைக்கு அது 140-ஐத் தாண்டுகிறது. சுருங்கவைக்கும் விசை இதுவே. ஆற்று மணலும் கரம்பையும் அதே வெயிலில்தான் காய்கின்றன. துளையின் அளவுதான் வேறு. மணல்மணிகள் முட்டிக்கொண்ட பிறகு அந்தச் சிறிய இழுவையால் மேற்கொண்டு நெருங்குவதும் இல்லை.

கரிசல் மண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதிலுள்ள களிமண் கனிமத்தின் தகடுகள் தமக்கிடையே நீரை ஏற்றுப் பருத்து, நீர் போனதும் ஒடுங்குபவை. கோவில்பட்டிப் பக்கத்துக் காட்டில் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுவது அதனால்தான். அம்பாசமுத்திரத்து வண்டலில் அந்த அளவுக்கு வெடிப்பைப் பார்க்க முடியாது.

பிப்ரவரி 9

திசையைப் பற்றிய கேள்விதான் இந்தக் கேள்விகளில் சிறந்தது. ஒரே பொருள் சொட்டில் நேர்கோடாகவும் குளத்தில் பாளமாகவும் ஏன் பிளக்க வேண்டும்?

கீறல் எப்போதும் மிகுந்த இழுவிசைக்குக் குறுக்கே திறக்கும். சொட்டின் ஓரத்து வளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் இன்னும் நெகிழ்வான கூழாக இருப்பதால், ஆரத்தின் திசையில் வளையம் சற்றே தளர இடம் இருக்கிறது. சுற்றளவின் திசையில் அந்த இடம் இல்லை. வளையம் மூடிய வட்டம். சுற்றளவு குறைய வேண்டுமானால் வட்டமே சிறிதாகி உள்ளே நகர வேண்டும்; கண்ணாடி அதை நகரவிடாது. கட்டைவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டாவை மரச்சக்கரத்தின் மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றினால், பட்டா சுருங்க முயல்கிறது, மரம் விட்டுக்கொடுப்பதில்லை, பட்டா முழுச் சுற்றிலும் விறைத்து நிற்கிறது. இரும்பு அந்த விறைப்பைத் தாங்கும். களிமண் வளையம் தாங்காது. சுற்றுத்திசை விறைப்புக்குக் குறுக்கே திறக்கும் கீறல் ஆரத்திசையில்தான் அமைய முடியும்.

காயும் எல்லை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்கிறது. கீறலின் நுனியும் அந்த எல்லையைப் பின்தொடர்ந்து செல்கிறது. கத்ரீன் அலேனும் லோரான் லிமாவும் 1995-இல், சொட்டுக்குப் பதிலாக ஒரு பக்கம் மட்டும் திறந்த மெல்லிய கூட்டில் கூழ்மத்தை ஒரு திசையிலேயே காயவைத்தார்கள். கீறல்கள் ஒன்றுக்கொன்று இணையாக, சீரான இடைவெளியில், காயும் எல்லையோடு முன்னேறின. வட்டத்தை நிமிர்த்திக் கோடாக்கினால் அதுவே உங்கள் சொட்டு.

குளத்தில் இப்படிப் பக்கவாட்டில் நகரும் எல்லை இல்லை. சேறு மேலிருந்து கீழாக, பரப்பு முழுதும் ஒருசேரக் காய்கிறது. கிடைத்திசைகள் எல்லாவற்றிலும் இழுவை சமம். ஆகவே முதல் கீறல் ஏதோ ஒரு பலவீனத்தில் தொடங்கி, போகும் போக்கில் போகிறது. அந்தக் கீறலின் கரையில் அதற்குக் குறுக்கான இழுவை தளர்ந்துவிடுகிறது. கீறலுக்கு இணையான இழுவை மட்டும் மிஞ்சுகிறது. அடுத்து வரும் கீறல் அங்கே வந்து செங்குத்தாக முட்டுவது இதனாலேயே.

பிப்ரவரி 11

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து எழுதிய வாசகர், வெள்ளம் வடிந்த பிறகு தம் வீட்டுத் தரையில் படிந்த சேற்றின் படங்களை அனுப்பியிருக்கிறார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், தாமிரபரணி கரை மீறியதும் நம் எல்லோர் நினைவிலும் இருக்கின்றன. துயரம் மிகுந்த நாள்கள் அவை. உறவினர் வீட்டைக் கழுவிவிடப் போனபோது எனக்கும் இதையே காணும்படி நேர்ந்தது; கையில் துடைப்பத்தோடு நின்றபடியே அந்தத் தரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையலறை மூலையில் சேறு விரல் பருமனுக்குக் கிடந்தது. அங்கே பாளங்கள் உள்ளங்கை அகலம். வாசல் பக்கம் சேறு மெலிய மெலியப் பாளங்களும் சிறுத்துக்கொண்டே வந்தன. நிலைப்படி அருகே நகத்தின் அளவு. அதற்கும் அப்பால் வெறும் மங்கலான பூச்சு, கீறலே இல்லை. ஒரே சேறு, ஒரே தரை, ஒரே காற்று; தடிப்பு மட்டும் வேறு. கீறல்களின் இடைவெளி படலத்தின் தடிப்புக்கு ஏறக்குறைய நேர்விகிதம் என்பது நூல்களில் ஒற்றை வரியாக வரும் செய்தி. அன்று அது ஓர் அறையின் நீளத்துக்கு விரிந்து கிடந்தது.

குரோய்ஸ்மனும் கப்லானும் 1994-இல் காப்பித் தூளையும் தண்ணீரையும் கலந்த குழம்பைக் காயவைத்து இந்த விகிதத்தைக் காட்டினார்கள். அடித்தளத்தின் உராய்வைக் குறைத்தால் பாளங்கள் பெரிதாகின்றன என்பதையும் அவர்கள் காட்டினார்கள். ஸ்ரீவைகுண்டம் வாசகரின் மூன்றாவது படத்தில், பிளாஸ்டிக் தார்ப்பாயின் மேல் படிந்த சேறு அகலமான சில துண்டுகளாக மட்டும் பிரிந்து, ஓரம் தூக்கி நிற்கிறது. பக்கத்தில் சிமெண்டுத் தரையில் அதே தடிப்புள்ள சேறு பொடிப்பொடிப் பாளங்களாக வெடித்திருக்கிறது. சேறு தார்ப்பாயில் வழுக்குகிறது, சிமெண்டில் பிடித்துக்கொள்கிறது. பிடிமானத்தைப் பற்றி நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

பிப்ரவரி 18

மெலிந்த பூச்சில் கீறல் ஏன் இல்லை என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இழுவிசை குறைவு என்பதால் அன்று. மெல்லிய படலத்திலும் துளைகள் அதே அளவுதான்; இழுவிசையும் அதே அளவுதான்.

கணக்கு ஆற்றலைப் பற்றியது. கீறல் உண்டாவதென்றால் புதிய இரண்டு முகங்கள் உண்டாக வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். இறுகிக் கிடக்கும் படலம் தளரும்போது அந்த ஆற்றல் கிடைக்கிறது. வரவு செலவை மிஞ்சினால்தான் கீறல் ஓடும் என்பது கிரிஃபித் 1921-இல் கண்ணாடியைப் பற்றி எழுதிய கட்டுரையின் கருத்து. அடியில் ஒட்டியிருக்கும் படலத்தில் ஒரு கீறல் இருபுறமும் ஏறக்குறைய படலத்தின் தடிப்பளவு தூரத்துக்கே இழுவையைத் தளர்த்த முடியும். அதற்கு அப்பால் தரையின் பிடி மறுபடியும் மேலோங்குகிறது. எனவே கீறலின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கிடைக்கும் வரவு தடிப்பின் வர்க்கத்தோடு கூடும். செலவு தடிப்போடு மட்டுமே கூடும். படலம் மெலிய மெலிய வரவு வேகமாகக் குறைந்து, ஒரு வரம்புக்குக் கீழே செலவுக்குக் கட்டுப்படியாகாமல் போகிறது. அந்த வரம்புக்குக் கீழுள்ள படலம் வெடிக்காமல் காய்கிறது. பாளத்தின் அகலம் தடிப்பைப் பின்பற்றுவதற்கும் இதே 'தடிப்பளவு தூரம்'தான் காரணம்.

மும்பை ஐஐடியின் மகேஷ் திருமகுடுலு, பிரின்ஸ்டனின் வில்லியம் ரஸ்ஸலோடு சேர்ந்து 2005-இல் பால்மப் படலங்களில் (நீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர்த் துகள்கள் காய்ந்து உண்டாகும் படலங்களில்) இந்த வரம்பை ஆராய்ந்திருக்கிறார். பெரிய துகளும் எளிதில் நசுங்காத துகளும் இருந்தால் வரம்புத் தடிப்பு கூடும் என்பது அவருடைய குழுவின் தொடர்ந்த ஆய்வுகளில் தெளிவானது. சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர் ஒரே பூச்சில் தடிப்பாக அடிக்காமல் இரண்டு மூன்று பூச்சாக அடிப்பது அனுபவம் சொல்லித்தந்த வழி. அதன் பின்னே இந்தக் கணக்கு இருக்கிறது.

வீட்டில் பார்க்க விரும்புகிறவர்கள் மாக்கோலத்தைப் பார்க்கலாம். அரைத்த பச்சரிசி மாவை விரலால் இழுத்த கோடு வெடிப்பதில்லை. கோடு தொடங்கும் இடத்திலும் திரும்பும் முனையிலும் மாவு திரண்டு நின்றால், அங்கே மட்டும் மயிரிழைக் கீறல் தெரியும்.

பிப்ரவரி 25

9-ஆம் தேதிக் குறிப்பைப் படித்த ஒருவர், வளையத்தின் விறைப்பு ஒன்றே திசையைத் தீர்மானித்துவிடுகிறதா என்று கேட்டிருக்கிறார். இல்லை. துகளின் வடிவத்துக்கும் பங்கு உண்டு. அதைத் தனியாக எழுத வேண்டும் என்றுதான் அங்கே விட்டுவைத்தேன்.

சென்னை ஐஐடியில் மதிவாலா பசவராஜ், திலீப் சத்தபதி ஆகியோரின் குழு 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. உருண்டையான துகள்கள் கொண்ட சொட்டையும், நீள் உருண்டைத் துகள்கள் கொண்ட சொட்டையும் அவர்கள் காயவைத்தார்கள். உருண்டைத் துகள் சொட்டில் கீறல்கள் ஆரத்திசையில் விழுந்தன. நீள்துகள் சொட்டில் கீறல்கள் வட்டமாக, விளிம்புக்கு இணையாக ஓடின. நீள்துகள்கள் விளிம்பை ஒட்டி, நீளவாட்டில் படுத்து, வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன. படலம் அந்த வரிசைகளுக்கு நடுவே எளிதாகப் பிரிகிறது. அதே ஆண்டில் இரும்பு ஆக்சைடான ஹேமடைட்டின் நீள்துகள்களைக் காந்தப்புலத்தில் வைத்துக் காயவிட்டு, துகள் சாயும் திசையை மாற்றினால் கீறலின் திசையும் மாறுகிறது என்பதையும் காட்டினார்கள். விறைப்பு எங்கே மிகுதி என்பதும், பொருள் எந்தத் திசையில் எளிதாகப் பிரியும் என்பதும் சேர்ந்தே வழியைத் தீர்மானிக்கின்றன. உருண்டைத் துகள்களுக்கு எல்லாத் திசையும் ஒன்றே என்பதால் அங்கே விறைப்பின் சொல்லே செல்லும்.

ஹேமடைட் என்றதும் திசையன்விளை வாசகர் ஒருவர் தேரியை, அதாவது அந்தப் பக்கத்துச் செம்மணல் மேட்டை, நினைவுபடுத்தியிருக்கிறார். தேரி மணலின் சிவப்பு, மணிகளின் மேல் படிந்த அந்த இரும்பு ஆக்சைடால் வந்ததே. ஆனால் அதைக் கழுவி எடுத்த செந்நீரில் வட்டக் கீறலை எதிர்பார்க்க வேண்டாம். ஆய்வகத்து நீள்துகள்கள் ஒரே அளவில், ஒரே வடிவில், வேண்டுமென்றே வளர்க்கப்பட்டவை. தேரியின் செம்பொடியில் எல்லா வடிவமும் கலந்திருக்கிறது.

பிப்ரவரி 26

நேற்றைய குறிப்புக்கு நல்ல எதிர்க்கேள்வி ஒன்று வந்திருக்கிறது: களிமண் துகள் உருண்டையன்று, தகடு, அப்படியிருக்கக் கரம்பைச் சொட்டில் ஆரக் கீறல் எப்படி வந்தது?

தகடுகள் கண்ணாடியின் மேல் படுக்கையாகப் படிகின்றன. மேலிருந்து பார்த்தால் படுத்த தகட்டுக்கு நீளவாட்டம் என்று ஒன்று இல்லை. கிடைத்திசைகளில் எதுவும் அதற்கு விசேஷமன்று. ஆகவே அங்கேயும் வளையத்தின் விறைப்பே திசையைத் தீர்மானிக்கிறது. தகட்டடுக்கு எளிதாகப் பிரியும் திசை கிடைமட்டம். அது மேல்நோக்கிய கீறலாகத் தெரியாமல், படலம் ஏடு ஏடாக உரிவதாகத் தெரியும்.

மார்ச் 3

தூத்துக்குடி வாசகரின் சொட்டில் ஆரக் கீறல்கள் வரவில்லை; ஒழுங்கற்ற கீறல்களும் வெள்ளைப் பூப்பும்தான் வந்தன. அவர் பயன்படுத்தியது வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் என்கிறார். காரணம் அதிலேயே இருக்கிறது.

நல்ல நீரில் கூழ்மத் துகள்கள் ஒரே வகை மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கின்றன, நெருக்கப்படும்போதுதான் பூட்டிக்கொள்கின்றன, நெருக்கம் முதலில் விளிம்பில் நிகழ்கிறது. உப்பு அந்த மின்னூட்டத்தை மறைத்துவிடுகிறது. துகள்கள் முன்னதாகவே ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துகளாகி, சொட்டு முழுதும் ஒரே சமயத்தில் இறுகத் தொடங்குகிறது. விளிம்பிலிருந்து நடுவுக்கு நகரும் எல்லை என்பதே மங்கிவிட்டால், அதைப் பின்தொடரும் ஒழுங்கான கீறல்களும் இல்லை. லுடோவிக் பொஷாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1999-இல் சிலிக்காக் கூழ்மத்தில் உப்பை மட்டும் கூட்டிக்கொண்டே போய், கீறலின் அமைப்பு ஆரத்திசையிலிருந்து வேறு வகைகளுக்கு மாறுவதைப் பதிவுசெய்தார்கள்.

வெள்ளைப் பூப்பு கரைந்திருந்த உப்பு படிகமானது. அது வேறு நிகழ்ச்சி; கீறலோடு கலக்க வேண்டாம். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துப் பாருங்கள்.

மார்ச் 17

காருகுறிச்சிக்குப் போயிருந்தேன். நாதசுவரத்தால் உலகறிந்த ஊர். மண்பாண்டத்துக்கும் அதே அளவு பெயர் உண்டு. நான் சிறுவனாகப் பார்த்த தொழிலை இந்தக் கேள்வி-பதில் இழைக்காகவே மறுபடியும் பார்த்தேன். வெடிப்பைத் தடுக்கும் முழு அறிவும் அங்கே நடைமுறையாக இருக்கிறது.

மண்ணில் அளவாக மணல் சேர்க்கிறார்கள். மணல் சுருங்காது, மொத்தச் சுருக்கம் குறைகிறது, பெரிய துளைகளும் உண்டாகின்றன. வனைந்த பாண்டத்தை முதலில் நிழலில் வைக்கிறார்கள். மெல்லிய வாய்விளிம்பு முந்திக் காய்ந்துவிடாதபடி ஈரத்துணியோ சாக்கோ போடுகிறார்கள். பச்சைப் பானையை அவ்வப்போது திருப்பி வைக்கிறார்கள். சிலர் அடியில் மணலோ சாம்பலோ தூவியிருந்தார்கள். கேட்டதற்கு, தரையில் ஒட்டாமல் இருக்க என்றார்கள். ஒட்டாமல் இருந்தால் பானையின் அடி சுருங்கும்போது மணலின் மேல் நகர்ந்து கொடுக்கும். இழையின் முதல் குறிப்பில் நான் பல வரிகளில் எழுதியதை அந்த ஒரு பிடி மணல் செய்துவிடுகிறது.

இங்கே ஒன்றைக் கூர்மையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயில் காரணமன்று என்றேன். அப்படியானால் மண்பாண்டம் செய்யும் வேளார் பாண்டத்தை வெயிலுக்கு மறைப்பது ஏன் என்று கேட்கலாம். தனித்து நிற்கும் பானையைக் கண்ணாடியோ தரையோ பிடித்திருக்கவில்லை. அதைப் பிடித்திருப்பது அதன் இன்னொரு பகுதியே. முந்திக் காய்ந்த விளிம்பு சுருங்கப் பார்க்கிறது. ஈரமான வயிறு விடுவதில்லை. மெதுவாகக் காயவைத்தால் எல்லாப் பகுதியும் ஏறக்குறைய சேர்ந்து சுருங்குகிறது, ஒன்றையொன்று பிடிப்பதில்லை. கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய சொட்டுக்கு இந்த வழி உதவாது. எவ்வளவு மெதுவாகக் காய்ந்தாலும் கண்ணாடி சுருங்கப்போவதில்லை. துளையின் அளவு மாறாத வரை உச்ச இழுவையும் மாறாது. வேகமும் வெப்பமும் கீறலின் உருவத்தை மாற்றும் என்பது உண்மையே. அடிக்கண்ணாடியைச் சூடாக்கிக் காயவைத்தால் கீறலின் அமைப்பு மாறுவதைச் சென்னைக் குழுவினரே 2017-இல் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கீறல் விழுமா விழாதா என்பதில் தடிப்பும் துகளளவும் பிடிமானமும்தான் முதலிடம் பெறுகின்றன.

ஏப்ரல் 7

கீறலின் திசையைக் காய்வதற்கு முன்னரே எழுதிவைத்துவிட முடியும் என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஜப்பானில் அகியோ நகாஹாராவும் மாட்சுவோவும் கால்சியம் கார்பனேட் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தட்டில் ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே ஒரு திசையில் சிறிது நேரம் ஆட்டிவிட்டுக் காயவிட்டார்கள். பிறகு விழுந்த கீறல்கள் ஆட்டிய திசைக்குச் செங்குத்தாக வரிசையாக அமைந்தன. 2005-இல் வந்த ஆய்வு அது. ஆட்டம் நின்று நெடுநேரம் கழித்தும், கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்தக் குழம்பு தான் ஆடிய திசையைத் துகள்களின் அடுக்கில் வைத்திருக்கிறது.

நானும் செய்து பார்த்தேன். குழம்பின் பதம்தான் எல்லாம். நீர்த்துப் போயிருந்தால் ஆட்டத்தின் தடம் நிலைப்பதில்லை. பாளம் பாளமாகவே வெடிக்கிறது. கரண்டியைச் சாய்த்தால் தானாக வழியாமல், ஆட்டினால் மட்டும் இளகும் பதம் வேண்டும். மிகக் கெட்டியானால் ஆட்டமே உள்ளே ஏறுவதில்லை. சரியான பதத்தில் வந்த தட்டை இன்னும் உடைக்காமல் வைத்திருக்கிறேன்.

மே 12

சித்திரை கழிகிறது, குளங்கள் வற்றிக் கிடக்கின்றன. நயினார்குளத்துப் பக்கமோ மானூர்ப் பக்கமோ போகிறவர்கள் பாளங்களின் சந்திப்பைக் கவனிக்கலாம். முதன்முறை காய்ந்த சேற்றில் கீறல்கள் செங்குத்தாக முட்டுகின்றன என்று எழுதினேன். நனைந்தும் காய்ந்தும் பலமுறை வெடித்த இடத்தில் அந்தக் கோணம் மெல்ல மாறுகிறது. லூகாஸ் கோரிங்கும் உடன் ஆய்ந்தவர்களும் 2010-இல் பென்டோனைட் களிமண்ணை மீண்டும் மீண்டும் நனைத்து உலர்த்தி, செங்கோணச் சந்திப்புகள் சுற்றுக்குச் சுற்று 120 பாகைச் சந்திப்புகளாகத் திரும்புவதைக் கண்டார்கள். பழைய வெடிப்பு நனைந்ததும் மூடிக்கொள்கிறது. ஆனாலும் பலவீனமாக இருப்பதால் அடுத்த வெடிப்பு அதையொட்டியே வருகிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வரிசையில் திறப்பதால் சந்திப்புகள் சற்றே நகர்கின்றன. கோடை மழை பெய்து பெய்து காய்ந்த கரையோரத்தையும், இப்போதுதான் நீர் வற்றிய நடுக்குளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிய வாய்ப்புண்டு. யாராவது படம் எடுத்தால் அளவுக்காக ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

மே 13

இதனால் பயன் என்ன என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: பெயின்ட், மருந்து மாத்திரையின் மேற்பூச்சு, மின்கலத் தகடு, பீங்கான் பூச்சு ஆகிய எல்லாமே துகள்தொங்கல் (நுண்துகள்கள் மிதக்கும் திரவம்) காய்ந்து உண்டாகும் படலங்கள். இரத்தச் சொட்டும் ஒரு துகள்தொங்கலே. பிரான்சின் மார்செய் நகரில் டேவிட் புரூட்டானின் குழு 2011-இல் இரத்தச் சொட்டு காய்வதை ஆராய்ந்து, ஓரத்தில் ஆரக் கீறல்கள் விழுவதையும் நடுப்பகுதியில் சிறு கீறல்கள் விழுவதையும் விரிவாக எழுதியது. நோயறிய இது உதவுமா என்று பலர் முயன்று வருகிறார்கள். வடிவத்தைப் பார்த்து நோயைச் சொல்லிவிடலாம் என்று செய்தித்தாளில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். காற்றின் ஈரப்பதம் மாறினாலே சொட்டின் வடிவம் மாறும்.

ஜூன் 9

அம்பாசமுத்திரம் தம்பி புதிய படம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். சாரல் காற்றில் வைத்த சொட்டில் கீறல்களுக்கு நடுவே இருந்த துண்டுகள் கண்ணாடியை விட்டு எழும்பி, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருக்கின்றன. கீறல் விழுந்ததோடு கதை முடிவதில்லை. இரண்டு கீறல்களுக்கு நடுவே தனித்துவிட்ட துண்டுக்குள்ளும் இழுவிசை மிச்சம் இருக்கிறது. மேல்பக்கம் அடிப்பக்கத்தைவிட முந்திக் காய்ந்து மிகுதியாகச் சுருங்குவதால், துண்டு மேல்நோக்கி வளையப் பார்க்கிறது. அந்த வளைவு கண்ணாடியோடுள்ள ஒட்டைத் துண்டின் ஓரத்திலிருந்து உரிக்கத் தொடங்குகிறது. உரிந்த பகுதியைப் பிடிக்க இனி எதுவும் இல்லாததால் அங்கே இழுவை தளர்ந்துவிடுகிறது. எனவே எழும்பிய துண்டுகளுக்குள் புதுக் கீறல் விழுவதில்லை. ஒட்டிக்கொண்டே நிற்கும் துண்டுகளில் மட்டும் நடுவே இன்னொரு மெல்லிய கீறல் விழுந்திருக்க வேண்டும்.

உங்கள் படத்தின் இடது ஓரத்தில் எழும்பாமல் நிற்கும் துண்டுகளில் அப்படி ஒரு கோடு இருப்பதாகத் தோன்றுகிறது, தெளிவாக இல்லை. கைபேசியின் டார்ச்சைப் பக்கவாட்டில், மிகத் தாழ்வாகப் பிடித்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். நிழல் விழுந்தால் கீறலையும் தூசியையும் பிரித்துச் சொல்ல முடியும்.